ஒரே ஒரு சாட்சி! 38 பேருக்குத் தண்டனை!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தின் வடபகுதியில் டூலியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இந்தக் கதை நடந்த காலத்தில் மொத்த ஜனத்தொகையே சுமார் 5 ஆயிரம்தான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. பருத்தி, கோதுமை, சோளம் விளையும். மாடு வளர்ப்பும் உண்டு. அப்போது ஊரில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். கறுப்பர்கள் சில நூறு பேர் மட்டுமே. அவர்களில் பலர் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள்.

1999-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. கறுப்பர்கள் வசிக்கும் தெருக்களில் போலீஸ் வண்டிகள் வந்து நின்றன. "டம், டம்" என்று கதவுகள் தட்டப்பட்டன. தூக்கத்தில் இருந்தவர்களைப் போலீசார் எழுப்பி, கையில் விலங்கு மாட்டி வெளியே இழுத்து வந்தனர். சிலருக்கு உடை மாற்றக்கூட நேரம் தரப்படவில்லை. அரைகுறை ஆடையோடும், கலைந்த தலையோடும் அவர்கள் நடத்தி வரப்பட்டதை டெலிவிஷன்காரர்கள் படம் பிடித்தார்கள்.

"ஊரில் கொக்கேன் விற்றார்கள்" என்பது குற்றச்சாட்டு.

கொக்கேன் என்பது தென் அமெரிக்காவில் விளையும் ஒரு செடியின் இலையில் இருந்து எடுக்கப்படும் போதைப்பொருள். பார்ப்பதற்கு மாவு போல வெள்ளையாக இருக்கும். விலையோ மிக அதிகம்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 46 பேர். அவர்களில் 39 பேர் கறுப்பர்கள். மற்றவர்களிலும் பலர் கறுப்பர்களோடு குடும்ப உறவோ, நட்போ உடையவர்கள். அந்த ஊரின் கறுப்பர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அன்று சிக்கினார்கள். தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம் என்று பிள்ளைகள் அனாதைகளைப் போல நின்றனர்.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, தெருக் குப்பை வாரப்பட்டு விட்டது என்ற பொருளில் தலைப்புப் போட்டு மகிழ்ந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அன்று யாரும் கவனிக்கவில்லை. அத்தனை வீடுகளில் புகுந்தார்களே, என்ன கிடைத்தது? கொக்கேன் கிடைக்கவில்லை. கட்டுக் கட்டாகப் பணம் இல்லை. துப்பாக்கி இல்லை. "போதைப்பொருள் வியாபாரிகள்" என்று சொல்லப்பட்டவர்களில் பலர் வீட்டு வாடகைக்கே திண்டாடுகிறவர்கள்!

மாறுவேடப் போலீஸ்

பிறகு எதை வைத்து வழக்கு?

ஒரே ஒரு மனிதரின் வாய்ச்சொல்லை வைத்து!

அவர் பெயர் டாம் கோல்மன். ரகசியப் போலீஸ்காரர். அவருடைய தந்தை டெக்சாஸ் போலீசில் நல்ல பெயர் எடுத்தவர். 1998-ம் ஆண்டு தொடக்கத்தில் டூலியா அமைந்த ஜில்லாவின் ஷெரீப் இவரை வேலைக்கு அமர்த்தினார். ஷெரீப் என்பவர் ஜில்லாவின் தலைமைப் போலீஸ் அதிகாரி. அந்த நாட்டில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளப் பணம், போதைப்பொருள் ஒழிப்புக்காக மத்திய சர்க்கார் கொடுக்கும் மானியத்தில் இருந்து வந்தது.

கோல்மன் தலைமுடியை நீளமாக வளர்த்துக்கொண்டார். "டி.ஜே. டாசன்" என்று பெயரை மாற்றிக்கொண்டார். கூலித் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு கறுப்பர்களோடு பழகினார். இப்படிச் சுமார் 18 மாதங்கள். முடிவில், "நூறு தடவைக்கு மேல் கொக்கேன் வாங்கி இருக்கிறேன். விற்றவர்களின் பட்டியல் இதோ" என்று நீட்டினார்.

மாறுவேடத்தில் போய்த் துப்பறிவது போலீஸ் இலாகாவுக்குப் புதிது அல்ல. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. விற்பவரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வார்கள். தொலைவில் இருந்து மற்றொரு போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு இருப்பார். கொடுக்கும் நோட்டுகளின் நம்பரைக் குறித்து வைப்பார்கள். வாங்கிய பொட்டலத்தில் விற்றவரின் கைரேகை இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

கோல்மன் இவற்றில் எதையும் செய்யவில்லை. பேச்சுப் பதிவு கிடையாது. படம் கிடையாது. கூட வந்தவர் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. "குறிப்பாவது எழுதினாயா?" என்று கேட்டால், "காலிலும் கையிலும் எழுதிக்கொண்டேன்" என்றார். குளித்தால் போயிற்று சாட்சியம்!

இன்னொரு வேடிக்கை. அது ஏழைகள் நிறைந்த ஊர். ஏழைகள் வாங்கும் போதைப்பொருள் விலை மலிவான வேறு ரகம். கோல்மன் வாங்கியதாகச் சொன்னதோ பணக்காரர்கள் பயன்படுத்தும் விலை உயர்ந்த வெள்ளைப் பொடி. அந்தப் பொடியிலும் கலப்படம் அதிகம். சர்க்கார் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைச் சுருட்டிக்கொண்டு, வேறு எங்கோ வாங்கிய கொஞ்சம் பொடியில் மாவைக் கலந்து கணக்குக் காட்டினாரோ என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் பின்னால் சந்தேகப்பட்டனர்.

அந்தச் சந்தேகம் முதலில் யாருக்கும் வரவில்லை. கோல்மனுக்கு 1999-ம் ஆண்டின் சிறந்த போலீஸ்காரர் என்ற விருது கிடைத்தது!

90 ஆண்டு ஜெயில்!

1999-ம் ஆண்டு டிசம்பரில் முதல் வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பன்றி வளர்த்துப் பிழைப்பவர்.

தீர்ப்புச் சொல்ல 12 ஜூரிகள் உட்கார்ந்தனர். ஜூரிகள் என்பவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஊரில் இருந்து பொறுக்கி எடுக்கப்படும் சாதாரண ஜனங்கள். நம் நாட்டிலும் முன்பு இந்த முறை இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. டெக்சாசில் குற்றவாளியா, இல்லையா என்று சொல்வதோடு, எத்தனை ஆண்டு ஜெயில் என்பதையும் ஜூரிகளே சொல்லலாம். டூலியா வழக்குகளில் ஜூரிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்.

கோல்மன் கூண்டில் ஏறினார். "இவர்தான் விற்றார்" என்று கையை நீட்டினார். அவ்வளவுதான் சாட்சியம்.

ஜூரிகள் அதை நம்பினார்கள். பன்றி வளர்ப்பவருக்கு 90 ஆண்டு ஜெயில்! விற்றதாகச் சொல்லப்பட்டது சில கிராம் பொடி. அவர் முன்பே வழக்கில் சிக்கியவர் என்பதால் தண்டனை இப்படி ஏறிவிட்டது.

அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் இதே கதிதான். ஒருவருக்கு 60 ஆண்டு. மற்றொருவருக்கு 45 ஆண்டு. இன்னொருவர் மீது பல வழக்குகள்; எல்லாத் தண்டனையையும் கூட்டினால் 300 ஆண்டுக்கு மேல் வந்தது! பள்ளிக்கூடம் அல்லது பூங்காவில் இருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால் தண்டனை அதிகம் என்று அங்கே சட்டம். டூலியாவோ சின்ன ஊர். எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ, பூங்காவோ இருக்கும்.

22 வயது இளைஞர் ஒருவரும் சிக்கினார். அதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர். "குற்றத்தை ஒப்புக்கொள். 5 ஆண்டோடு விட்டுவிடுகிறோம்" என்று சர்க்கார் தரப்பில் பேரம் பேசினார்கள். அந்த நாட்டில் இப்படிப் பேரம் பேசுவது சட்டப்படியே நடக்கிறது. இளைஞர் தன் தகப்பனாரிடம் யோசனை கேட்டார். செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லாதே என்றார் தகப்பனார். மகன் அப்படியே நடந்தார். விசாரணையின் முடிவில் கிடைத்தது 20 ஆண்டு ஜெயில்!

இதைப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? பயந்துபோனார்கள். "குற்றம் செய்யவில்லை என்று வாதாடினால் 20 ஆண்டு, 60 ஆண்டு, 90 ஆண்டு. செய்தேன் என்று சொன்னால் சில ஆண்டுகளில் வெளியே வந்து பிள்ளைகளைப் பார்க்கலாம்." இப்படிக் கணக்குப் போட்டுப் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சிலர் அபராதத்தோடும், கண்காணிப்போடும் தப்பினார்கள். ஆக மொத்தம் 38 பேர் குற்றவாளிகள் ஆனார்கள். கோல்மனைத் தவிர வேறு சாட்சி ஒருவரும் இல்லை!

சிலர் மட்டும் அதிர்ஷ்டவசமாகத் தப்பினார்கள். ஒருவர், கோல்மன் சொன்ன நேரத்தில் தன் வேலையில் இருந்தார். வேலை நேரம் பதிவான சீட்டும், முதலாளியின் சாட்சியமும் அவரைக் காப்பாற்றின. மற்றொருவரின் அங்க அடையாளத்தைக் கோல்மன் எழுதி இருந்தார்: நல்ல உயரம், அடர்ந்த தலைமுடி. ஆளைப் பார்த்தால் குள்ளம், தலையோ வழுக்கை!

ஒரு பெண்ணின் கதை இன்னும் ஆச்சரியமானது. அவர் தன்னிடம் கொக்கேன் விற்றார் என்று கோல்மன் சொன்ன அதே நாளில், அந்தப் பெண் சுமார் 300 மைலுக்கு அப்பால், ஓக்லஹோமா நகரத்தில் ஒரு பாங்கில் நின்றுகொண்டு இருந்தார். பாங்குக் கணக்கில் நேரம் பதிவாகி இருந்தது. அது கைக்கு வந்ததும், 2002-ம் ஆண்டு ஏப்ரலில் வழக்கு வாபஸ் ஆயிற்று.

ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தவர் தப்பினார். கிடைக்காதவர் ஜெயிலுக்குப் போனார். ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் எங்கே இருந்தோம் என்று நம்மில் யாரால் ருசுப்படுத்த முடியும்?

அப்பீல் என்ன ஆயிற்று?

தண்டனை அடைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "ஒரே சாட்சி. அதற்கு ஆதாரமாக வேறு எதுவும் இல்லை. இதை வைத்துத் தண்டிக்கலாமா?" என்று அமரில்லோ நகரத்தில் இருந்த மேல் கோர்ட்டில் அப்பீல் செய்தார்கள்.

அப்பீல் தோற்றது!

"இது என்ன அநியாயம்?" என்று கேட்கத் தோன்றும். அப்பீல் என்பது என்ன என்று தெரிந்துகொண்டால்தான் இது புரியும்.

மேல் கோர்ட்டில் வழக்கை மறுபடியும் முதலில் இருந்து விசாரிப்பார்கள், சாட்சிகள் மறுபடியும் கூண்டில் ஏறுவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் அப்பீல் கோர்ட்டு நீதிபதிகள் சாட்சியின் முகத்தைக்கூடப் பார்ப்பது இல்லை. கீழ் கோர்ட்டில் பதிவான வாக்குமூலத்தைப் படிப்பார்கள். "சாட்சியம் போதாது" என்று ஒருவர் அப்பீல் செய்தால், அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தச் சாட்சியத்தை ஜூரிகள் நம்பி இருந்தால், புத்தியுள்ள ஒரு ஜூரி இவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா?" 1979-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வகுத்த அளவுகோல் இது.

சாட்சி உண்மை பேசினாரா, பொய் பேசினாரா என்று தீர்மானிப்பது ஜூரிகளின் வேலை. மேல் கோர்ட்டின் வேலை அல்ல. "விற்றார்" என்று கோல்மன் சொன்னார். ஜூரிகள் நம்பினார்கள். போலீஸ்காரர் ஒருவரே சாட்சியாக இருந்தாலும் போதும் என்பது சட்டம். எனவே தண்டனை சரி என்று தீர்ப்பாயிற்று. தராசில் ஒரு பக்கம் எடையே இல்லாமல் இருந்தால்தான் இந்த அப்பீல் ஜெயிக்கும். ஒரு சாட்சி பொய்யாகச் சொன்ன வார்த்தையும், பொய் என்று தெரிகிற வரையில், எடைதான்!

இந்தக் கதவு மூடியது. ஆனால் சட்டத்தில் இன்னொரு கதவு இருந்தது.

"ஹேபியஸ் கார்ப்பஸ்" மனு என்பது அதன் பெயர். ஆட்கொணர்வு மனு என்கிறோம். நம் ஊரில் ஆளைக் காணவில்லை என்றால், "கண்டுபிடித்துக் கோர்ட்டில் நிறுத்துங்கள்" என்று போடுவார்கள். அமெரிக்காவில் தண்டனை அடைந்த கைதியும் இந்த மனுவைப் போடலாம். "என்னை ஜெயிலில் வைத்திருப்பதே சட்ட விரோதம்" என்று சொல்லலாம். அப்பீலில் காட்ட முடியாத புதிய சாட்சியத்தை இதில் காட்டலாம். இதுதான் முக்கியமான வித்தியாசம்.

காட்டுவதற்குப் புதிய சாட்சியம் வேண்டுமே? அதுவும் கிடைத்தது. கோல்மனின் பழைய கதை!

வேலியே பயிரை மேய்ந்தது

டூலியாவுக்கு வருவதற்கு முன் கோல்மன் காக்ரன் என்ற வேறொரு ஜில்லாவில் போலீஸ் வேலை பார்த்தார். ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் போனார். கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன் பாக்கி ஆயிரக் கணக்கான டாலர். சர்க்கார் பெட்ரோலைத் திருடித் தன் காருக்குப் போட்டுக்கொண்டார் என்று வழக்கும் பதிவாயிற்று. அந்த ஜில்லாவின் ஷெரீப், "இந்த ஆள் போலீஸ் வேலைக்கே தகுதி இல்லாதவர்" என்ற கருத்தில் மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தார்.

1998-ம் ஆண்டு ஆகஸ்டில், அதாவது டூலியாவில் மாறுவேடத்தில் திரிந்துகொண்டிருந்த சமயத்திலேயே, கோல்மன் மீது கைது வாரண்டு வந்தது! அவரை வேலைக்கு வைத்த ஷெரீப்பே அவரைக் கைது செய்ய நேர்ந்தது. கோல்மன் பழைய கடனைக் கட்டினார். வழக்கு முடிந்தது. மறுபடியும் டூலியாவில் பழைய வேலைக்கே திரும்பினார்.

திருட்டு வழக்கில் சிக்கிய ஒருவர் சொன்னதை நம்பித்தான் 38 பேருக்குத் தண்டனை. ஜூரிகளுக்கு இந்த விஷயம் தெரியுமா? தெரியாது. சொல்லப்படவே இல்லை.

இங்கேதான் சர்க்கார் தரப்பு வசமாக மாட்டிக்கொண்டது. சர்க்கார் தரப்பு தன் கையில் உள்ள, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயத்தை மறைக்கக் கூடாது என்று 1963-ம் ஆண்டே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து இருக்கிறது. சாட்சியின் யோக்கியதை சந்தேகத்துக்கு உரியது என்பதும் அப்படிப்பட்ட விஷயம்தான். "சாட்சியம் போதாது" என்ற வாதம் தோற்ற இடத்தில், "சாட்சியைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டது" என்ற வாதம் தலை தூக்கியது.

26 வயது வக்கீல்

இந்த வேலை லேசில் நடந்துவிடவில்லை. முதலில் குரல் கொடுத்தவர்களில் டூலியாவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார விவசாயியும் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர்களின் முகச் சுளிப்பைப் பொருட்படுத்தாமல் அவர் வழக்குக் காகிதங்களைத் தேடித் தேடிப் படித்தார். அமரில்லோ நகரத்து வக்கீல் ஜெப் பிளாக்பர்ன் கைக்காசைச் செலவழித்து வாதாடினார். 2000-ம் ஆண்டு ஒரு டெக்சாஸ் பத்திரிகை முழுக் கதையையும் வெளியிட்டது. பிறகு நியூயார்க் பத்திரிகைகள் எழுதின. நாடு முழுவதும் டூலியா என்ற பெயர் அடிபட்டது.

அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் கறுப்பர்களின் உரிமைக்காக வழக்காடும் சட்ட நிதி என்ற ஸ்தாபனத்தில் ஓர் இளம்பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். பெயர் வனிதா குப்தா. பெற்றோர் இந்தியாவில் இருந்து போய்க் குடியேறியவர்கள். சட்டப் படிப்பை 2001-ல் முடித்தவர். வயது 26. கோர்ட்டு வாசலை அதிகம் மிதித்திராத அந்தப் பெண் டூலியாவுக்கு விமானம் ஏறினார். பெட்டி பெட்டியாகப் பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குத் திரும்பினார். கைதிகளில் பலருக்கு அப்போது வக்கீலே இல்லை. மனுப் போடுவதற்கு உள்ள கெடுவும் ஓடிக்கொண்டு இருந்தது. வாஷிங்டனில் உள்ள பெரிய வக்கீல் கம்பெனிகளை அவர் அணுகினார். மணிக்கு இத்தனை டாலர் என்று கட்டணம் வாங்கும் வக்கீல்கள், ஒரு காசு வாங்காமல் கைதிகளுக்காக உழைத்தார்கள்.

டெக்சாசில் கிரிமினல் வழக்குகளுக்கு என்றே தனியாக ஓர் உச்ச கோர்ட்டு உண்டு. மனுக்களைப் பார்த்த அந்தக் கோர்ட்டு, நேரில் சாட்சிகளை விசாரித்து அறிக்கை தரும்படி உத்தரவு போட்டது.

கூண்டில் கோல்மன்

2003-ம் ஆண்டு மார்ச் மாதம். அதே டூலியா. அதே கோர்ட்டுக் கட்டடம். விசாரிக்க வந்தவர் மட்டும் வெளியூர்க்காரர். டல்லாசைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி ரான் சாப்மன். நான்கு கைதிகளின் மனுக்கள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. 90 ஆண்டு தண்டனை அடைந்த பன்றி வளர்ப்பவரும், 20 ஆண்டு தண்டனை அடைந்த இளைஞரும் அவர்களில் இருந்தனர்.

கோல்மனோடு முன்பு வேலை பார்த்த போலீஸ்காரர்களே வந்து, அவர் பேச்சை நம்ப முடியாது என்று சாட்சி சொன்னார்கள். பிறகு கோல்மன் கூண்டில் ஏறினார். முன்பு ஜூரிகள் எதிரில் மிடுக்காகப் பேசியவர், இப்போது கேள்விக்கு மேல் கேள்வி வந்ததும் தடுமாறினார். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னார். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தான் வழக்கமாகப் பயன்படுத்துவதையும் ஒப்புக்கொண்டார்.

விசாரணை முழுவதும் நடந்து முடியவில்லை. அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. ஏப்ரல் 1-ந் தேதி சர்க்கார் தரப்பே கையை உயர்த்தி விட்டது! கோல்மன் சத்தியம் செய்து சொன்னாலும் நம்பத் தகுந்த சாட்சி அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நான்கு பேருக்கு மட்டும் அல்ல, 38 பேரின் தண்டனையையும் ரத்து செய்யலாம் என்று நீதிபதி சாப்மன் சிபாரிசு செய்தார்.

சிபாரிசுதான். இறுதி உத்தரவு உச்ச கோர்ட்டில் இருந்து வர வேண்டும். அது எப்போது வருமோ? அது வரை ஜாமீனில் விடவும் சட்டத்தில் இடம் இல்லை. பொய்ச் சாட்சி என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகும் கைதிகள் ஜெயிலில்தான்! கடைசியில் டெக்சாஸ் சட்டசபை இவர்களுக்காகவே ஒரு மசோதா கொண்டு வந்து நிறைவேற்றியது. கவர்னர் ரிக் பெரி கையெழுத்துப் போட்டார்.

2003-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி டூலியா கோர்ட்டு வாசலில் கூட்டம் கூடியது. உள்ளே இருந்து 12 பேர் வெளியே வந்தார்கள். நான்கு வருஷங்களில் எத்தனையோ நடந்துவிட்டது. கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி இருந்தார்கள்.

ஆகஸ்டு 22-ந் தேதி கவர்னர் பெரி 35 பேருக்கு முழு மன்னிப்பு அளித்தார்.

"குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டப்படி அந்த வார்த்தைதான் இருக்கிறது. தண்டனைப் பதிவை அழிக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை. தண்டனைப் பதிவு இருந்தால் வேலை கிடைக்காது. சர்க்கார் வீடு கிடைக்காது. எனவே வார்த்தை எதுவானாலும், அந்தக் காகிதம் அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

50 லட்சம் டாலர்

அடுத்து நஷ்ட ஈடு. கோல்மனை மேற்பார்வை பார்த்த போதைப்பொருள் ஒழிப்புப் படையை நடத்தியது அமரில்லோ நகரம். அந்த நகரம் 2004-ம் ஆண்டு 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அந்தப் படையும் கலைக்கப்பட்டது. ஜில்லா நிர்வாகம் தனியாக 2½ லட்சம் டாலர் கொடுத்தது. பலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பணம் இது. ஜெயிலில் கழித்த நாட்களைக் கணக்குப் பார்த்தால் பெரிய தொகை என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட படைகள் டெக்சாசில் அப்போது ஏராளமாக இருந்தன. எத்தனை பேரைக் கைது செய்தார்கள் என்று கணக்குக் காட்டித்தான் அவை மானியம் வாங்கின என்றும், கைது கூடக் கூடப் பணமும் கூடும் என்ற ஆசையே இந்த வினைக்கு வித்து என்றும் பலர் குற்றம் சாட்டினார்கள். சில ஆண்டுகளில் அவற்றுக்கு மாகாண சர்க்கார் கொடுத்துவந்த பணம் நின்றுபோயிற்று.

டூலியா விவகாரம் வெளியே வந்ததும், 2001-ம் ஆண்டே டெக்சாஸ் சட்டசபை ஒரு புதிய சட்டம் செய்தது. ரகசியமாகப் போதைப்பொருள் வாங்கிய உளவாளியின் சொல்லை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியமும் வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை. போலீஸ் வேலையில் இல்லாத உளவாளிகளுக்குத்தான் அது பொருந்தும். கோல்மனோ லைசென்ஸ் பெற்ற போலீஸ்காரர். சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அவரை அது தொட்டிருக்காது!

வனிதா குப்தா பின்னாளில் பெரிய பதவிகளுக்கு உயர்ந்தார். 2014-ல் அமெரிக்க நீதி இலாகாவில் ஜன உரிமைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 2021-ல் அந்த இலாகாவின் மூன்றாவது உயர்ந்த பதவியில் அமர்ந்து, 2024 வரை இருந்தார்.

கோல்மன் என்ன ஆனார்?

சாப்மன் முன்னிலையில் அவர் கொடுத்த வாக்குமூலத்துக்காகப் பொய்ச் சாட்சி வழக்குத் தொடரப்பட்டது. 2005-ம் ஆண்டு ஜனவரியில் லப்பக் நகரத்துக் கோர்ட்டில் விசாரணை நடந்தது. 38 பேரைக் குற்றவாளிகள் ஆக்கிய சாட்சியம் பற்றிய வழக்கு அல்ல அது. பெட்ரோல் திருட்டு வழக்கு தன் மீது இருப்பது எப்போது தெரியும் என்ற கேள்விக்குச் சொன்ன பொய்யைப் பற்றிய வழக்கு! அதில் கோல்மன் குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னார்கள். 10 ஆண்டு கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஜெயில் தண்டனை இல்லை. தீர்ப்பைக் கேட்டுவிட்டுக் கோல்மன் வீட்டுக்குப் போனார்.